முதல் ரிங்குலயே எடுத்தான்

இதை எழுதலாமா வேணாமான்னு மூணு மாசமா இழுத்துட்டே இருந்தேன், காரணம் கூச்சம்தான், வேற ஒண்ணும் இல்ல. எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல யாருக்கு என்ன லிங்க் வந்தாலும் "இது உண்மையான்னு பாருப்பா"ன்னு எனக்குத்தான் அனுப்புவாங்க. நானும் பெரிய துப்பறியும் நிபுணர் மாதிரி "பெரியப்பா, அதைத் தொடாதீங்க, அப்படியே டெலீட் பண்ணுங்க"ன்னு வாய்ஸ் நோட் போடுவேன், அதுல கொஞ்சம் பெருமையும் இருக்கும், பொய் சொல்ல விரும்பல. அப்படிப்பட்ட நான் ஒரு புயல் ராத்திரியில முகம் தெரியாத ஒருத்தனுக்காக என் கார்டு நம்பர், எக்ஸ்பைரி டேட், பின்னாடி இருக்கிற மூணு நம்பர் எல்லாத்தையும் என் கையாலயே டைப் பண்ணேன். பணம் போகல. ஆனா போகாததுக்கு என் புத்திசாலித்தனம் காரணம் இல்லைங்கிறதுதான் இன்னும் உறுத்திட்டு இருக்கு.

அன்னிக்கு மத்தியானம் மூணு மணி வாக்குல கரன்ட் போச்சு. காத்து அடிச்ச அடிக்கு அது போகாம இருந்திருந்தாத்தான் ஆச்சரியம். சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் தெரியல, மெழுகுவர்த்தி, டார்ச், பழைய கதைன்னு ஓடிடுச்சு. ராத்திரி எட்டரைக்கு மேல அம்மாவுக்கு வீசிங் ஆரம்பிச்சுது. அவங்க நெபுலைசர் பிளக்ல போட்டாத்தான் ஓடும். இன்ஹேலர் இருந்துச்சு, ரெண்டு பஃப் எடுத்துட்டு சுவத்துல சாஞ்சு உட்கார்ந்துட்டாங்க, ஆனா இருமல் நிக்கல. என் போன்ல சார்ஜ் 14 சதவீதம். பவர் பேங்க் இருந்துச்சு, அதை கடைசியா எப்ப சார்ஜ் போட்டேன்னு கேக்காதீங்க. மின்வாரிய ஆபீஸ் நம்பர்னு எப்பவோ சேவ் பண்ணி வச்சிருந்ததுக்கு அடிச்சா எங்கேஜ்டு. மறுபடி அடிச்சா எங்கேஜ்டு. இப்படி ஒரு பதினஞ்சு தடவை அடிச்சிருப்பேன்.

சரி, வேற நம்பர் ஏதாவது இருக்கும்னு நெட்ல தேடினேன். சிக்னல் ஒரு கோடு. பக்கம் பாதி லோடு ஆனப்பவே மேல முதல்ல ஒரு நம்பர் தெரிஞ்சுது, '24 மணி நேர மின்தடை புகார்'னு. பக்கத்துல சின்னதா விளம்பரம்னு போட்டிருந்துச்சான்னு இப்ப கேட்டா, கண்டிப்பா போட்டிருக்கும். அந்த நேரத்துல அதையெல்லாம் யார் பாக்குறா. அடிச்சேன். முதல் ரிங்குலயே எடுத்துட்டான்.

உண்மையைச் சொல்றேன், அந்த நிமிஷம் எனக்கு அவன் மேல வந்தது சந்தேகம் இல்ல, நன்றி. பதினஞ்சு தடவை அடிச்சும் யாரும் எடுக்காத உலகத்துல ஒருத்தன் "வணக்கம் சார், சொல்லுங்க சார்"னு எடுக்கிறான். குரல்ல ஒரு அவசரம் இல்ல, எரிச்சல் இல்ல. பேர் கேட்டான், எத்தனை மணிக்கு கரன்ட் போச்சுன்னு கேட்டான், சர்வீஸ் நம்பர் கேட்டான், இருட்டுல எங்க தேடறதுன்னு நான் முழிச்சதும் "பரவாயில்ல சார், அது இல்லாமலே போட்டுக்கலாம்"னான். அங்கயே நான் முழிச்சிருக்கணும். சர்வீஸ் நம்பர் இல்லாம எந்த மின் ஆபீஸ்ல யாரு புகார் எடுத்திருக்கா? ஆனா நான் என்ன நினைச்சேன் தெரியுமா, அடடா இவ்வளவு நல்ல ஆளா இருக்காரேன்னு நினைச்சேன். அப்புறம் அவன் கேட்டதுதான் இன்னிக்கும் காதுல கேக்குது. "பின்னாடி யாரோ இருமுறாங்களே சார், பெரியவங்களா?" அம்மா, வீசிங் இருக்குன்னேன். "அப்ப இதை எமர்ஜென்சின்னு போட்டுடறேன் சார், முதல்ல உங்க லைனுக்குத்தான் ஆள் வருவாங்க."

எமர்ஜென்சி பதிவுக்கு ஒரு சின்ன கட்டணம், அவ்வளவுதான். சில்லறைக் காசுன்னு சொல்ற மாதிரி தொகை. லிங்க் எஸ்எம்எஸ்ல வந்துச்சு, தொட்டேன், மெல்ல மெல்ல ஒரு பக்கம் திறந்துச்சு. மேல வாரியத்தோட சின்னம், அட்ரஸ் பார்ல பூட்டுப் படம் கூட இருந்துச்சு. அந்தப் பூட்டுக்கு அர்த்தம் நடுவுல யாரும் ஒட்டுக் கேக்க முடியாதுங்கிறதுதான், எதிர்ல இருக்கிறவன் நல்லவன்னு இல்லன்னு நானே குரூப்ல ரெண்டு தடவை பாடம் எடுத்திருக்கேன். டைப் பண்ணேன். சப்மிட் அழுத்தினேன். ஓடிபி வரணும்.

வரல. "வந்துச்சா சார்?" இல்லப்பா. "ரீசென்ட் குடுங்க சார்." குடுத்தேன். வரல. "சார், ஜன்னல் பக்கம் போய் நில்லுங்க, சிக்னல் நல்லா கிடைக்கும்." நானும் போய் நின்னேன். ஜன்னலை விரல் அளவு திறந்து, சாரல் மூஞ்சியில அடிக்க, போனை வெளிய நீட்டி, எனக்கு வர வேண்டிய ஓடிபியை அவனுக்குக் குடுக்கிறதுக்காக மழையில கையை நீட்டிட்டு நின்னவன் நான். அந்தக் காட்சியை நினைச்சா சிரிப்பா வருது, கொஞ்சம் அழுகையாவும் வருது.

அப்ப கரன்ட் வந்துச்சு. பொட்டுன்னு எல்லாம் ஒண்ணா எரிஞ்சுது, பிரிட்ஜ் ஒரு தடவை உறுமுச்சு, ஃபேன் மெதுவா சுத்த ஆரம்பிச்சுது, அம்மா "அப்பாடா"ன்னு எழுந்து நெபுலைசர் பக்கம் போனாங்க. நான் போன்ல "வந்துருச்சுங்க, கரன்ட் வந்துருச்சு"ன்னேன். ஒரு ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல. அப்புறம் அதே பொறுமையான குரல்ல சொன்னான்: "அது டெம்பரரி சார். பேமென்ட் ஆகலைன்னா திரும்பப் போயிடும்."

இப்ப நீங்க சிரிக்கலாம். நான் அப்ப சிரிக்கல. ஒரு அரை செகண்ட், சத்தியமா சொல்றேன், இருக்குமோன்னு தோணுச்சு. அந்த அரை செகண்ட் முடியறதுக்குள்ள தேங்கிக் கிடந்த மெசேஜ் எல்லாம் டிங் டிங் டிங்னு விழுந்துச்சு. ஓடிபி மூணு தடவை வந்திருந்துச்சு. பேங்க் அனுப்புற ஓடிபி மெசேஜ்ல எவ்வளவு தொகை, எந்தக் கடைக்குன்னு போட்டிருக்கும் இல்லையா, அதுல இருந்தது அவன் சொன்ன சில்லறைக் கட்டணம் இல்ல, அதைப் போல நூறு மடங்குக்கும் மேல. வாங்குறது மின்வாரியம் இல்ல, ஏதோ கிஃப்ட் கார்டு விக்கிற ஆன்லைன் கடை. வெளிச்சத்துல படிச்சதால கண்ணுல பட்டுச்சு. இருட்டுல, ஈரக் கையோட, "நம்பர் சொல்லுங்க சார்"னு ஒருத்தன் காதுல சொல்லிட்டே இருக்கும்போது ஆறு இலக்கத்தை மட்டும்தான் பாத்திருப்பேன். கட் பண்ணேன். கார்டை பிளாக் பண்ண பேங்க் லைன்ல இருபது நிமிஷத்துக்கு மேல பாட்டு கேட்டுட்டு நின்னேன், இந்தத் தடவை பிளக்ல போட்டுட்டு. மாஸ்க்கை மூக்குல வச்சிட்டே அம்மா கேட்டாங்க, "யாருடா அந்தப் பையன், இவ்வளவு பொறுமையா பேசுறான்?"

இருட்டு அவனுக்கு, வெளிச்சம் நமக்கு

அதுக்கப்புறம் பல நாள் இதையே யோசிச்சேன். ஏமாறாம இருக்க என்னென்ன தெரிஞ்சிருக்கணுமோ அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் செஞ்சேன். அப்ப பிரச்சனை தெரியாமையில இல்ல. பசி வந்தா பத்தும் பறக்கும்னு சொல்லுவாங்க, எனக்கு என்னமோ கரன்ட் போனாலும் பத்தும் பறக்குதுன்னுதான் தோணுது. சாதாரண நாள்ல ஒரு மோசடி மெசேஜ் வந்தா அது நம்ம வாழ்க்கைக்குச் சம்பந்தமே இல்லாம வந்து விழும், லாட்டரி அடிச்சிருக்கு, பார்சல் நிக்குதுன்னு. அதனால உடனே தெரிஞ்சிடும். புயல் நேரத்துல அப்படி இல்ல. கரன்ட் போயிருக்கு, கரன்ட் பத்தி ஒருத்தன் பேசுறான். விமானம் ரத்தாயிருக்கு, ரீஃபண்ட் பத்தி ஒருத்தன் பேசுறான். கூரை பறந்திருக்கு, கூரை போட ஒருத்தன் வந்து நிக்கிறான். அவன் சொல்ற பொய்யில முக்கால்வாசி உண்மை, அந்த உண்மையை வானமே வந்து சாட்சி சொல்லுது.

இன்னொண்ணு, சரிபாக்குற வழி எல்லாம் அதே நேரத்துல அடைஞ்சு போயிடுது. சிக்னல் இல்ல, சார்ஜ் இல்ல, ஆபீஸ் லைன் எங்கேஜ்டு, பக்கத்து வீட்டுக்குப் போய் "உங்களுக்கும் இப்படித்தானா"ன்னு கேக்கலாம்னா வாசல்ல தண்ணி. நல்ல நாள்ல நம்ம சந்தேகத்துக்கு துணைக்கு நாலு பேர் இருப்பாங்க, மழை நாள்ல சந்தேகம் தனியா நிக்குது.

இந்தியாவுல 2022ல ஒரு மெசேஜ் சுத்துச்சு, நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். போன மாச பில் அப்டேட் ஆகல, இன்னிக்கு ராத்திரி 9.30 மணிக்கு உங்க மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரிக்கு கூப்பிடுங்கன்னு, கீழ ஒரு சாதாரண மொபைல் நம்பர். அந்த ஒன்பதரையைப் பாருங்க. ஆபீஸ் மூடியிருக்கும், விசாரிக்க ஆள் கிடைக்காது, விடியற வரைக்கும் பொறுக்கவும் மனசு வராது. நாள் பாத்து நேரம் பாத்து குறிச்ச முகூர்த்தம் அது. கூப்பிட்டவங்களை ஒரு ஆப் போடச் சொல்லுவான், போட்டா நம்ம ஸ்கிரீன் அப்படியே அவனுக்குத் தெரியும். இந்த ஸ்கிரீன் ஷேர் ஆப் விவகாரத்தை ரிசர்வ் வங்கி 2019லயே எச்சரிச்சிருந்துச்சு. எச்சரிக்கை எல்லாம் பகல் வெளிச்சத்துல வருது, கூப்பிடறவன் ராத்திரியில கூப்பிடறான், என்ன பண்றது.

பொறக்காத புயலுக்கு இணையதளம்

இதுல எனக்கு ரொம்ப வியப்பா இருந்த ஒரு விஷயம், புயலோட பேர். புயலுக்கு பேர் வந்த பிறகு வைக்கிறது இல்ல, முன்கூட்டியே பட்டியல் போட்டு வச்சிருக்காங்க. வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்கு 13 நாடுகள் ஆளுக்கு 13 பேர் குடுத்து மொத்தம் 169 பேர், 2020 ஏப்ரல்ல வெளியிட்டது, யார் வேணா பாக்கலாம். இந்தியா குடுத்ததுல முரசுன்னு ஒரு தமிழ்ச் சொல்லும் இருக்கு. அட்லாண்டிக் பக்கம் ஆறு பட்டியல் வச்சு சுத்தி சுத்தி வருது, ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை அதே பட்டியல், பெரிய நாசம் பண்ணின பேரை மட்டும் எடுத்துட்டு வேற வைப்பாங்க. நமக்கு இது பொது அறிவு. மோசடி பண்றவனுக்கு இது வியாபாரத் திட்டம். கடல்ல ஒரு மேகம் கூட திரளாதப்பவே அந்தப் பேரோட நிவாரணம், உதவின்னு ஏதாவது ஒட்டி ஒரு இணைய முகவரி வாங்கிப் போட்டு வச்சிடலாம். புயல் கரையைக் கடக்கும்போது நாம கதவை இழுத்து சாத்திட்டு இருப்போம், அவன் அப்பதான் கடையைத் திறப்பான்.

இதெல்லாம் நேத்து முளைச்சது இல்ல. 2005ல கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடிச்ச அடுத்த மாசமே அமெரிக்க நீதித் துறை இதுக்குன்னே ஒரு சிறப்புப் படை போட வேண்டி வந்துச்சு, அவ்வளவு போலி நன்கொடைத் தளங்கள், அவ்வளவு போலி நிவாரண விண்ணப்பங்கள். தற்காலிகம்னு ஆரம்பிச்சது பேரிடர் மோசடிக்கான தேசிய மையம்னு நிரந்தரமா தங்கிடுச்சு. புயல் ஓய்ஞ்சாலும் இது ஓயலைன்னு அர்த்தம். எரியிற வீட்டுல பிடுங்கினது லாபம்னு நம்ம ஆளுங்க எந்தக் காலத்துலயோ சொல்லி வச்சிட்டாங்க, அப்ப நெட் கூட கிடையாது.

2017ல ஹார்வி புயல் டெக்சாஸ்ல அடிச்சப்ப நடந்ததைப் படிச்சதும் அன்னிக்கு எனக்கு போன்ல பேசின ஆள் ஞாபகம்தான் வந்துச்சு. ஜனங்களுக்கு ஒரு ரெக்கார்டட் கால் வந்துச்சாம், உங்க வெள்ளக் காப்பீட்டு பிரீமியம் பாக்கி இருக்கு, இப்பவே கட்டலைன்னா ஹார்விக்கு காப்பீடு செல்லாதுன்னு. வீட்டுக்குள்ள முட்டி அளவு தண்ணியில நிக்கிறவன் கிட்ட இதைச் சொன்னா அவன் பாலிசி பேப்பரைத் தேடிட்டா இருப்பான்? அது ஏதோ அலமாரியோட அடித்தட்டுல, தண்ணிக்குள்ள இருக்கும். நம்ம கிட்ட ஆதாரம் இல்லாத நேரம் பாத்து கேள்வி கேக்கறதுதான் இவங்க தொழில் ரகசியம்.

இதைவிட குரூரமான ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல பேரிடர் நிவாரணம் குடுக்கிறது ஃபீமாங்கிற அமைப்பு. வேற எங்கயோ திருடின பேரு, பிறந்த தேதி, அடையாள எண் எல்லாம் வச்சு, வீடு இழந்தவங்க பேர்ல எவனோ முதல்லயே விண்ணப்பம் போட்டுடுவான். நிஜமா வீடு போனவங்க ஈரத் துணியோட போய் விண்ணப்பிச்சா, உங்க பேர்ல ஏற்கனவே வந்திருக்கேன்னு பதில் வரும். சில பேருக்கு அவங்க விண்ணப்பமே போடாதப்ப, வீட்டைப் பாக்க அதிகாரி வாசல்ல வந்து நிப்பார், அப்பதான் விஷயமே தெரியும். நேர்ல வர்ற ஆளுங்க விஷயத்துல அந்த அமைப்பு திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணுதான், வீட்டைப் பாக்கவோ விண்ணப்பிக்கவோ நாங்க காசு வாங்க மாட்டோம், வர்றவர் கிட்ட போட்டோ போட்ட அடையாள அட்டை இருக்கும். எந்த ஊருக்கும் இது பொருந்தும்னு நினைக்கிறேன். நிவாரணம்னா நமக்குக் குடுக்கிறது. குடுக்கறதுக்கு முன்னாடி நம்ம கிட்ட கை நீட்டினா அது நிவாரணம் இல்ல.

அம்மா அழுத படம்

என் கதையில நான் பயந்து ஏமாறப் பாத்தேன். அம்மா இரக்கப்பட்டு ஏமாறப் பாத்த கதையும் ஒண்ணு இருக்கு. 2024ல அமெரிக்காவுல ஹெலீன் புயல் வந்தப்ப ஒரு படம் பரவுச்சு, லைஃப் ஜாக்கெட் போட்ட ஒரு சின்னப் பொண்ணு, ஒரு நாய்க்குட்டியைக் கட்டிப்பிடிச்சு படகுல உட்கார்ந்து அழுதுட்டு இருக்கும். அம்மா அதைப் பாத்துட்டு அரை மணி நேரம் பேசல. அது ஏஐ பண்ணின படம், அந்தப் பொண்ணும் இல்ல, நாய்க்குட்டியும் இல்லன்னு நான் சொன்னதுக்கு என்னை ஒரு கல்நெஞ்சக்காரன் மாதிரி பாத்தாங்க. "படம் பொய்யா இருந்தா என்னடா, அந்த மாதிரி குழந்தை அங்க இருக்கத்தானே செய்யும்?" பதில் சொல்ல முடியாத கேள்வி. இருக்கத்தான் செய்யும். அதுக்குப் போற பணம் வேற எவனோ ஒருத்தன் பையில விழுதுங்கிறதுதான் பிரச்சனை. முன்ன எல்லாம் நெடுஞ்சாலை வெள்ளத்துல சுறா மீன் நீந்துற படம்தான் 2011ல இருந்து ஒவ்வொரு புயலுக்கும் தவறாம வரும், அதைப் பாத்து சிரிச்சிட்டு போயிடலாம், அதுல யாருக்கும் நஷ்டம் இல்ல. இப்ப வர்ற படத்துக்குக் கீழ க்யூஆர் கோடு இருக்கு.

க்யூஆர் கோடுல ஒரு வசதி இருக்கு, நமக்கு இல்ல, அவனுக்கு. மனுஷக் கண்ணால அதைப் படிக்க முடியாது. ஒரு உண்மையான நிவாரண போஸ்டரை எடுத்து, நடுவுல இருக்கிற கட்டத்தை மட்டும் மாத்தி ஒட்டிட்டா, மந்திரி படம், சின்னம், முகவரி எல்லாம் உண்மை, பணம் மட்டும் வேற வீட்டுக்குப் போகும். 2024 ஜூலை கடைசியில வயநாடு நிலச்சரிவு நடந்தப்ப, முதலமைச்சர் நிவாரண நிதிக்கு வச்சிருந்த க்யூஆர் கோடை, தப்பா பயன்படுத்த வாய்ப்பு இருக்குன்னு சொல்லி கேரள அரசே திரும்ப எடுத்துக்கிச்சு. உதவி குவியிற நேரத்துல உதவுற வழியில ஒண்ணை அடைக்க வேண்டி வந்துச்சுன்னா பாத்துக்கங்க. அதுக்கு முன்னாடி 2020 மார்ச்ல கொரோனா நேரத்துல பிரதமர் பேர்ல பிஎம் கேர்ஸ்னு நிவாரண நிதி ஆரம்பிச்ச உடனே அதே மாதிரி போலி யுபிஐ முகவரிகள் வந்துச்சு, ஒண்ணுல கடைசி எஸ் மட்டும் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு எழுத்து. வேகமா படிக்கிற கண்ணு அந்த எழுத்தை அதுவாவே போட்டு படிச்சுக்கும்.

அம்மாவோட நான் போட்ட ஒப்பந்தம் இதுதான்: இரக்கப்படலாம், எவ்வளவு வேணா படலாம், ஆனா பணம் அந்தப் படத்தோட பாதையில போகாது. அடுத்த நாள், அந்த அரசாங்கமோ அமைப்போ எதுவோ, அதோட சொந்தத் தளத்தை நாமளே டைப் பண்ணிப் போய் போடுறது. படம் காட்டின கையே கல்லாப்பெட்டியையும் நீட்டக் கூடாது. "ஒரு நாள் லேட்டானா அந்தக் குழந்தை என்ன ஆகும்"னு கேட்டாங்க. நிவாரணப் பணம் ஒரு நாள் தாமதமாப் போனா ஒண்ணும் ஆகாதும்மா, தப்பான இடத்துக்கு ஒரு நிமிஷத்துல போனாதான் திரும்பாதுன்னேன். அரை மனசா தலையாட்டினாங்க.

வானம் வெளுத்திருக்கும்போதே

இனிமே ஜாக்கிரதையா இருப்பேன்னு நான் எனக்கே சத்தியம் பண்ணிக்கல, பண்ணினாலும் நம்ப மாட்டேன். இருட்டுல இருக்கிற என்னை வெளிச்சத்துல இருக்கிற நான் நம்பக் கூடாதுங்கிறதுதான் அந்த ராத்திரி கத்துக்கிட்டது. அதனால இருட்டுல யோசிக்க வேண்டிய வேலையே இல்லாம முன்னாடியே செஞ்சு வைக்கப் பாக்குறேன். மறுநாள் காலையில ஒரு விஷயம் கண்ணுல பட்டு தலையில அடிச்சுக்கிட்டேன். எங்க வீட்டு கரன்ட் பில் பிரிட்ஜ் கதவுல காந்தத்துல தொங்குது, மாசக்கணக்கா அங்கதான் தொங்குது, அதோட பின்பக்கம் புகார் நம்பர் பெருசா அச்சடிச்சிருக்கு. நான் ஜன்னல்ல நின்ன இடத்துல இருந்து மூணு அடி. அவன் நம்பரைத் தேடி உலகத்தையே சுத்தி வந்தேன், உண்மையான நம்பர் என் முதுகுக்குப் பின்னாடி தொங்கிட்டு இருந்துச்சு.

இப்ப பிரிட்ஜ் கதவுல ஒரு அட்டை இருக்கு, அம்மாவுக்குத் தெரியற மாதிரி தடிமனான மார்க்கர்ல எழுதினது. கரன்ட் புகார், பேங்க் கார்டுக்குப் பின்னாடி இருக்கிற நம்பர், டாக்டர், காப்பீட்டு பாலிசி எண், பிரீமியம் கட்டின தேதி. பேப்பர்ல. போன் செத்தாலும் பேப்பர் சாகாது. நம்பரைத் தேடி எடுக்கிறதுல இருக்கிற ஆபத்து என்னன்னா, தேடுற இடத்துல யார் வேணா விளம்பரம் குடுக்கலாம், மேப்ல இருக்கிற நம்பரை மாத்தச் சொல்லி எவன் வேணா திருத்தம் அனுப்பலாம். விமானம் ரத்தானதுக்கு சோஷியல் மீடியாவுல கோவமா ஒரு பதிவு போட்டா ரெண்டே நிமிஷத்துல "வருந்துகிறோம், உங்க நம்பரை டிஎம் பண்ணுங்க"ன்னு அந்தக் கம்பெனி பேர்லயே ஒரு கணக்கு வருது பாருங்க, பல நேரம் அது அந்தக் கம்பெனியே இல்ல. அம்மாவோட நெபுலைசருக்கு பேட்டரியில ஓடுற சின்ன மாடல் ஒண்ணு வாங்கிட்டேன். இதை ஆன்லைன் மோசடிக்கு எதிரான நடவடிக்கைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்கென்னமோ அதுதான் முதல் நடவடிக்கைன்னு படுது. அன்னிக்கு அந்த மெஷின் ஓடியிருந்தா நான் அவனுக்கு போனே பண்ணியிருக்க மாட்டேன்.

வானிலை எச்சரிக்கை பத்தி மட்டும் ஒண்ணு, ஏன்னா தம்பி ஒருத்தன் இதுல மாட்டினான். இப்ப பல நாட்டுல புயல், வெள்ளம்னா டவர்ல இருந்து எல்லா போனுக்கும் ஒரே நேரத்துல பெரிய சத்தத்தோட எச்சரிக்கை வருது. அதுக்கு உங்க நம்பரே தெரியாது, அந்த டவர் எல்லைக்குள்ள இருக்கிற எல்லா போனுக்கும் அடிக்கும். உங்க பேர் சொல்லாது, விவரம் கேக்காது, பணம் கேக்காது. 'புயல் எங்க இருக்குன்னு லைவா பாக்க'ன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஏபிகே ஃபைல், அதாவது ஆப் ஸ்டோர் பக்கமே போகாம நேரா போன்ல ஆப் போடுற ஃபைல் வந்தா அது புயலைக் காட்டாது, உங்க எஸ்எம்எஸ்ஸை அவனுக்குக் காட்டும், அதுல ஓடிபியும் அடக்கம். தம்பி போன்ல நடந்தது அதான். ஃபார்மேட் பண்ணி முடிக்க ஒரு நாள் ஆச்சு.

போயிடுச்சுன்னா

போயிடுச்சுன்னா வெக்கப்படறதுக்கு அப்புறமா நேரம் ஒதுக்கிக்கங்க, முதல்ல போனை எடுங்க. திருடின பணம் ஒரே இடத்துல உட்காராது, வாடகைக்கு எடுத்த கணக்குகள்ல ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவிட்டே இருக்கும், நாலாவது தாவலுக்கு முன்னாடி நிறுத்தினாத்தான் ஏதாவது மிஞ்சும். அதனால முதல் கால் உங்க பேங்குக்கு, கார்டுக்குப் பின்னாடி இருக்கிற நம்பருக்கு. அடுத்தது மோசடிக்குன்னே இருக்கிற உதவி நம்பருக்கு, அது எந்த நாட்டுல இருக்கீங்களோ அதைப் பொறுத்தது: இந்தியாவுல 1930, சிங்கப்பூர்ல 1799, மலேசியாவுல 997, பிரிட்டன்ல 159 அடிச்சா நேரா உங்க பேங்குக்கே இணைப்பு குடுப்பாங்க. வேற நாட்டுல இருக்கிறவங்க இந்த நம்பரை இன்னிக்கே, கரன்ட் இருக்கும்போதே, அரசாங்கத் தளத்துல பாத்து அட்டையில எழுதி வச்சுக்கங்க. அந்த எஸ்எம்எஸ், நம்பர், லிங்க் எதையும் கோவத்துல அழிக்காதீங்க, நான் அழிச்சிட்டேன், அப்புறம் புகார் குடுக்க என் கிட்ட கால் ஹிஸ்டரியைத் தவிர ஒண்ணும் இல்ல.

பணம் போன கொஞ்ச நாள்ல இன்னொருத்தன் கூப்பிடுவான், உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், ஒரு சின்ன கட்டணம்னு. ஏமாந்தவங்க லிஸ்ட்டையும் இவங்க தங்களுக்குள்ள வித்துக்கறாங்க. என் கிட்ட பணம் போகலைன்னாலும் என் நம்பர் ஏதோ லிஸ்ட்ல ஏறியிருக்கணும், அந்த வாரம் முழுக்க புதுப் புது நம்பர்ல இருந்து கால். எல்லாரும் ரொம்ப மரியாதையா பேசினாங்க.

போன வாரம் மறுபடி மழை. பெரிய புயல் ஒண்ணும் இல்ல, ஆனா கரன்ட் போச்சு. நான் பழக்க தோஷத்துல போனை எடுத்து தேடப் போனேன், சத்தியமா, கை அதுவாவே போச்சு. அம்மா டார்ச் எடுத்துட்டு பிரிட்ஜ் முன்னாடி போய் நின்னு அட்டையில வெளிச்சம் அடிச்சு ஒவ்வொரு நம்பரா சத்தமா படிச்சாங்க, நான் அழுத்தினேன். ஸ்பீக்கர்ல போட்டேன். டொய்ங் டொய்ங்னு சத்தம்.

"என்னடா, எங்கேஜ்டா?"

ஆமாம்மா.

"அப்ப சரியான நம்பர்தான். வையி, அப்புறம் அடிக்கலாம்."